ஆய்வகத்துக்கு எந்த ட்ரோன்? மனிதர் நிற்கும் இடத்தை வைத்து ஒரு தேர்வு

மனித–இயந்திர ஒத்துழைப்பு பற்றிய ஆய்வைத் தொடங்க விரும்பும் பல்கலைக்கழகத் துறை, பெரும்பாலும் ஆய்வு வினாவை எழுதி முடிப்பதற்கு முன்பே கொள்முதல் குறிப்பை எழுதிவிடுகிறது. எவ்வளவு நேரம் பறக்கும், கேமரா எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு தூரம் போகும் என்பவையே அந்தக் குறிப்பின் முதல் வரிகளாக இருக்கும். கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்கு இவை பொருத்தமான கேள்விகள். இந்த ஆய்விலோ அளக்கப்படுவது அருகில் நிற்கும் மனிதரின் நம்பிக்கையும் அச்சமும் கவனமும் களைப்புமே. எனவே ஆய்வில் பங்கேற்பவர் எங்கே நிற்கப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த ட்ரோன் என்பது அநேகமாகத் தானே முடிவாகிவிடும் என்பது என் கருத்து. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாரா, திரைக்கு முன் உட்கார்ந்து தொலைவிலிருந்து இயக்குகிறாரா, ஒரே நேரத்தில் பலவற்றை மேற்பார்வையிடுகிறாரா, திறந்தவெளியில் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்கிறாரா என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் முன் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்வீடனின் மால்மோவில் இயங்கும் பிட்கிரேஸ் நிறுவனத்தின் கிரேஸிஃப்ளை எனும் உள்ளங்கையளவு ட்ரோன் ஒன்று. ட்ரோன் நிறுவனமான டிஜேஐயின் தொழில்நுட்பத்துடன் ரைஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட டெல்லோ எனும் சிறு ட்ரோன் இன்னொன்று. பிக்ஸ்ஹாக் வகைக் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்துத் துறையே கட்டிக்கொள்ளும் ட்ரோன் மூன்றாவது. எதையும் பறக்கவிடாமல் கணினிப் பாவனையிலேயே (சிமுலேஷன்) ஆய்வை முடிப்பது நான்காவது.

முதலில் கைக்கெட்டும் தூரம். மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் வகுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் வருவது நெருக்கமான வெளி. அதற்கு அப்பால் 1.2 மீட்டர் வரை தனிப்பட்ட வெளி. அது மனிதர்களுக்கிடையே வகுக்கப்பட்ட அளவு. பறக்கும் ஒரு பொருளை மனிதர் எந்த எல்லைவரை அனுமதிக்கிறார் என்று அளக்க வேண்டுமானால், அந்த எல்லைக்குள் ட்ரோனை உண்மையிலேயே கொண்டுபோக முடியவேண்டும். 'பாதுகாப்புக்காக இரண்டு மீட்டரில் நிறுத்திக்கொண்டோம்' என்று எழுதும் ஆய்வு, தான் அளக்க வந்ததை அளக்கவில்லை.

இங்கே எடை தீர்மானிக்கிறது. கிரேஸிஃப்ளை 2.1 வெறும் 27 கிராம். டெல்லோ 80 கிராம். தோழமைக் கணினியுடன் (ட்ரோனிலேயே ஏற்றும் சிறு கணினி) கட்டிய சிறிய சட்டக ட்ரோன் எளிதாக 600 கிராமைத் தொட்டுவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இயந்திரம் நின்று விழுந்தால், கிரேஸிஃப்ளை தரையைத் தொடும்போது கொண்டிருக்கும் ஆற்றல் சுமார் 0.4 ஜூல், டெல்லோவுக்கு 1.2 ஜூல், 600 கிராம் ட்ரோனுக்கு ஏறத்தாழ 9 ஜூல். விழுவதைவிடப் பெரிய ஆபத்து சுழலிகளில் இருக்கிறது. கிரேஸிஃப்ளையின் மெல்லிய பிளாஸ்டிக் இறக்கை விரலில் பட்டால் சுரீரென்று வலிக்கும், அத்தோடு முடிந்துவிடும். ஐந்து அங்குலச் சுழலி பட்டால் தையல் போடவேண்டி வரும். நெறிமுறைக் குழுவின் முன் விண்ணப்பத்தை வைக்கும்போது இந்த வேறுபாடு பத்துப் பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

கிரேஸிஃப்ளையின் வன்பொருள் வரைபடமும், அதற்குள் பதிந்த இயக்க நிரலான ஃபர்ம்வேரும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. இயந்திரம் மனிதரை நோக்கி எந்த வளைவில் வரவேண்டும், எங்கே தயங்கவேண்டும், கை நீட்டினால் எவ்வளவு வேகமாகப் பின்வாங்கவேண்டும் என்பவற்றை அடித்தளக் கட்டுப்பாடு வரை சென்று மாற்றலாம். ஆனால் அது தனியாக வரும்போது தான் இருக்கும் இடத்தை அறியாது. தரை நகர்வதைப் பார்த்து அசைவைக் கணிக்கும் கீழ்நோக்கிய ஒளியோட்ட சென்சார் பலகையைப் பொருத்தினால் ஓரிடத்தில் நிற்கும். அல்ட்ரா வைட்பேண்ட் நங்கூரங்களை (ரேடியோ அலையால் தூரம் அளக்கும் கருவிகள்) அறையைச் சுற்றி வைத்தால் பத்து சென்டிமீட்டர் அளவில் இடம் தெரியும். லைட்ஹவுஸ் எனப்படும் விஆர் (மெய்நிகர்) விளையாட்டுகளுக்கான அகச்சிவப்புக் கோபுரங்கள் இரண்டை வைத்தால் அதைவிட நுட்பமாகத் தெரியும். வைகான், ஆப்டிட்ராக் போன்ற அசைவுப்பதிவுக் கேமராக்கள் இன்னும் நுட்பமானவை. அவற்றின் விலையில் ஓர் ஆய்வகத்தின் மற்றச் செலவுகள் அனைத்தும் அடங்கிவிடும்.

பொறியியல் துறைகள் மட்டும் கூடி முடிவெடுக்கும்போது தவறவிடும் ஒரு விவரம் இங்கே இருக்கிறது. லைட்ஹவுஸும் கேமராக்களும் நேர்க்கோட்டுப் பார்வையை நம்பியவை. வெற்று அறையில் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இயங்கும். பங்கேற்பாளர் உள்ளே வந்து நின்றதும் அவருடைய உடலே ஒரு கோபுரத்தை மறைத்துவிடும். ட்ரோன் அவருக்கு மிக அருகில் இருக்கும் அந்த நேரத்தில்தான் அதன் இடக்கணிப்பு தள்ளாடும். கோபுரங்களை எதிரெதிர் மூலைகளில், ஆள் உயரத்துக்கு மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பதும், சோதனை ஓட்டங்கள் அனைத்தையும் அறைக்குள் ஓர் ஆளை நிறுத்திச் செய்வதும் கட்டாயம்.

நம் கட்டடங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் மின்விசிறி. சீலிங் ஃபேன் ஓடும் அறையில் 27 கிராம் பொருளை நம்பி ஒருவர் முகத்துக்கு முன் நிறுத்த முடியாது. ஏசியின் நேரடிக் காற்றும் அதை ஒதுக்கித் தள்ளும். விசிறியை அணைத்துவிட்டால் மே மாதத்து மதியத்தில் பங்கேற்பாளர் வியர்க்கத் தொடங்குவார். அழுத்தத்தை அளக்கத் தோலின் மின்கடத்துத்திறனை எடுக்கும் ஆய்வாக இருந்தால், அளந்தது ட்ரோன் தந்த பதற்றத்தையா புழுக்கத்தையா என்று பிரித்தறிய வழியே இராது. ட்ரோனுக்கு முன்பாக அறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பறக்கும் நேரம் கிரேஸிஃப்ளையின் பெரிய குறை. முழுதாக ஏற்றிய 250 எம்ஏஎச் பேட்டரியில் அதிகபட்சம் ஏழு நிமிடம். கூடுதல் பலகை மாட்டினால் அதுவும் குறையும். மீண்டும் ஏற்ற 40 நிமிடம். ஒருவரிடம் அரை மணி நேரப் பறத்தல் தேவையென்றால், பலகை மாட்டிய நிலையில் ஐந்து நிமிடக் கணக்கு வைத்து ஆறு பேட்டரிகளை வரிசையில் வைத்திருக்கவேண்டும். தடையின்றி நாள் முழுவதும் ஆட்களை அழைக்க வேண்டுமானால் ஒன்பது பேட்டரியும், ஒரே சமயத்தில் எட்டை ஏற்றும் வசதியும் வேண்டும். ஆகவே ஆய்வின் ஒவ்வொரு பகுதியையும் நான்கு நிமிடத்துக்குள் அடங்கும்படி வகுப்பதே புத்திசாலித்தனம். கேள்வித்தாள் நிரப்பும் இடைவெளியில் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம். தூரிகை (பிரஷ்) வகை மோட்டார்கள் தேய்வதால் உதிரிகளையும் முதல் கொள்முதலிலேயே சேர்த்துவிடவேண்டும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும், தும்பி போல ரீங்கரிக்கும் இந்தச் சிறு பொருளை யாரும் அவ்வளவாக அஞ்சுவதில்லை. விளையாட்டுச் சாமானாகப் பார்க்கிறார்கள். அதனிடம் ஒருவர் காட்டும் தாராளத்தைக் கிடங்கில் பெட்டி தூக்கும் பெரிய ட்ரோனிடமும் காட்டுவார் என்று முடிவுரையில் எழுதிவிடக் கூடாது.

டெல்லோவின் கதை வேறு. அறிமுக விலையே 99 டாலர். பெட்டியைத் திறந்து, வைஃபையில் இணைத்து, சில வரிப் பைத்தான் நிரலில் 'புறப்படு', 'முன்னே போ', 'இறங்கு' என்று கட்டளை அனுப்பினால் அன்று மாலைக்குள் பறந்துவிடும். 720பி காணொளி வருவதால் கைச்சைகை, முகம், பார்வைத் திசை ஆகியவற்றை லேப்டாப்பில் கண்டறிந்து அதற்கேற்ப ட்ரோனை நகர்த்தும் ஆய்வுகளுக்கு இது ஏற்றது. 13 நிமிடம் என்பது அறிவிக்கப்பட்ட பறக்கும் நேரம். பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் முன்னோட்ட ஆய்வை முடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சுலபத்துக்கு விலை உண்டு. ஃபர்ம்வேர் மூடியது, வேகக் கட்டளை கொடுக்கலாமே தவிர, அது எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதில் கைவைக்க முடியாது. மனிதரும் இயந்திரமும் ஒரே கட்டுப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது யாருடைய உள்ளீட்டுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது ஆய்வு வினாவாக இருந்தால், உள்ளே நடப்பது தெரியாத இயந்திரம் உதவாது. இடத்தை அது தரையைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறது. பளபளக்கும் கிரானைட், கோலமில்லாத வெள்ளை டைல்ஸ், மங்கிய வெளிச்சம் ஆகிய மூன்றும் அதற்கு ஆகாது. இவை மூன்றும் ஒருங்கே அமைந்த அறைகள் நம் கல்லூரிகளில் குறைவில்லை. அச்சடித்த சமுக்காளம் ஒன்றை விரித்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். கல்விக்கான டெல்லோ இடியூ வகையில் தரையில் வைக்கும் அடையாள அட்டைகளைக் கொண்டு ஓரளவு இடம் அறியலாம். மேலும், கட்டளை எதுவும் வராமல் 15 விநாடி கடந்தால் டெல்லோ தானாகவே தரையிறங்கிவிடும். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கையில் ட்ரோன் கீழே இறங்கினால், அது தன்னைக் கண்டு இறங்கியதாகவே பங்கேற்பாளர் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு வரும் பதில்கள் வேறாகிவிடும். நிற்கச் சொல்லும் கட்டளையைச் சில விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

தானே கட்டிக்கொள்வது என்ற மூன்றாம் வழி, துறையில் ஏற்கெனவே விமானவியல் அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் மட்டும் பேசத் தக்கது. ஸ்விட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய பிக்ஸ்ஹாக்கும், அதில் இயங்கும் பிஎக்ஸ்4, ஆர்டுபைலட் ஆகிய திறந்த மென்பொருள்களும் இன்று முதிர்ந்தவை. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு கணினியை மேலே ஏற்றி, ரோபோக்களுக்கான ராஸ் எனும் மென்பொருள் வழியாகக் கட்டளையிட்டால் ஏறத்தாழ எதையும் செய்யலாம். பிஎக்ஸ்4-இல் வெளிக்கணினி ஓட்டும் முறையில் அடுத்து எங்கே போவது என்ற இலக்குப்புள்ளி விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் வந்துகொண்டிருக்க வேண்டும். நின்றுபோனால் அந்தப் பயன்முறையிலிருந்து அது வெளியேறிவிடும். வயலில் நோய் தாக்கிய பயிரை விவசாயியும் ட்ரோனும் சேர்ந்து தேடுவது, வெள்ளத்தில் சிக்கியவரை மீட்புப் பணியாளரும் ட்ரோனும் சேர்ந்து தேடுவது போன்ற திறந்தவெளி ஆய்வுகளுக்கு இதற்கு மாற்று இல்லை. ஆனால் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி ஒரு பாதுகாப்பு விமானி ஒவ்வொரு பறத்தலிலும் நிற்கவேண்டும். அவர் அங்கே நிற்பதைப் பங்கேற்பாளர் பார்க்கிறார். பிறகு அவர் காட்டும் நம்பிக்கை இயந்திரத்தின் மீதானதா, சுவிட்சைப் பிடித்திருக்கும் மனிதர் மீதானதா? இந்தக் கேள்விக்கு ஆய்வு வடிவமைப்பிலேயே பதில் இருக்கவேண்டும்.

பாவனையில் ஒன்றும் உடையாது, பேட்டரி தீராது, ஒரே நிகழ்வை நூறு பேருக்கு அச்சுமாறாமல் காட்டலாம். கசீபோ எனும் பாவனை மென்பொருளில் பிஎக்ஸ்4-இன் அதே பறப்பு நிரலையே கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். தொலைவிலிருந்து திரைவழி இயக்குபவரின் பணிச்சுமையை அளக்கும் ஆய்வுக்கு இது குறையே இல்லை. உண்மையிலும் அவர் திரையைத்தான் பார்க்கிறார். நாசா-டிஎல்எக்ஸ் எனும் ஆறு கூறுகள் கொண்ட பணிச்சுமை அளவுகோலை இடையிடையே கொடுக்கலாம்; பாவனையை நிறுத்திவைத்து நிலைமை பற்றிக் கேட்கலாம். உண்மை ட்ரோனை நடுவானில் அப்படி நிறுத்திவைக்க முடியாது. ஆனால் அருகில் நிற்பது பற்றிய ஆய்வை விஆர் கண்ணாடியில் மட்டும் செய்வதை நான் ஏற்கத் தயங்குவேன். முகத்தில் படும் காற்றும், காதருகே உயரும் ஒலியும், அடித்துவிடுமோ என்ற உண்மையான சாத்தியமும்தான் அந்த அனுபவம். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு படம்.

எந்த ட்ரோனை வாங்கினாலும் அதற்குத் தன்னறிவு இருக்கவேண்டும் என்பதில்லை. பொம்மலாட்டம் போல, திரைக்குப் பின்னால் ஒருவர் இயக்க, முன்னால் நிற்பவர் தன் சைகைக்கு இயந்திரமே பதில் தருவதாக நம்பும் முறை இத்துறையில் நெடுநாளாக வழக்கத்தில் உள்ளது. ஸ்டான்ஃபோர்டில் ஜெசிகா கௌச்சார்டும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் நடந்தது. எந்தச் சைகையையும் கற்றுத்தராமல் விட்டபோது, பலர் ட்ரோனிடம் ஒரு மனிதரிடமோ வளர்ப்புப் பிராணியிடமோ பழகுவது போலப் பழகினர் என்பது அதன் முக்கியக் கண்டறிதல். மக்கள் என்ன செய்வார்கள் என்று தெரிவதற்கு முன்பே சைகையைக் கண்டறியும் மென்பொருளுக்கு ஓராண்டைச் செலவழிப்பதைவிட, டெல்லோவும் மறைவான ஓர் இயக்குநரும் கொண்ட ஒரு வாரம் அதிகம் சொல்லித்தரும். உண்மையை மறைத்ததைப் பங்கேற்பாளரிடம் முடிவில் விளக்கவேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாதது.

ஒருவர் பல ட்ரோன்களை மேற்பார்வையிடும் ஆய்வில் கிரேஸிஃப்ளைக்குப் போட்டியே இல்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 49 கிரேஸிஃப்ளைகளை ஓர் அறைக்குள் ஒன்றாகப் பறக்கவிட்ட கிரேஸிஸ்வார்ம் அமைப்பு 2017-இல் வெளியானது. அதன் மென்பொருளும் திறந்தது. ஆனால் ஆய்வில் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. ஒரு இயந்திரத்தைக் கவனிக்காமல் எவ்வளவு நேரம் விடலாம், கவனிக்கத் தொடங்கினால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற விகிதத்தோடு ஒன்றைக் கூட்டினால், ஒருவர் கையாளக்கூடிய எண்ணிக்கை தோராயமாக வரும் என்பது இத்துறையின் பழைய கணக்கு. 40 விநாடி விட்டுவைக்கலாம், 10 விநாடி கவனிக்கவேண்டும் என்றால் ஐந்து. ஆறோ எட்டோ வாங்கினாலே மனிதர் திணறத் தொடங்கும் புள்ளியைக் காணலாம், 49 தேவையில்லை.

சட்டமும் தேர்வைத் திசைதிருப்புகிறது. 2021 ஆகஸ்ட் 25-இல் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நேனோ வகை, அதற்கு மேல் இரண்டு கிலோ வரை மைக்ரோ வகை. கிரேஸிஃப்ளையும் டெல்லோவும் நேனோவில் அடங்கிவிடுகின்றன. அதற்கு விமானி உரிமம் தேவையில்லை. தானே கட்டியது மைக்ரோவுக்குப் போகும். அங்கீகாரம் பெற்ற கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில், தம் வளாகத்துக்குள்ளோ தம் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியிலோ ஆய்வுக்காகப் பறக்கவிட்டால், வகைச் சான்றிதழ், தனி அடையாள எண், விமானி உரிமம் ஆகியவற்றிலிருந்து விலக்கும் உண்டு. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம்; விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகக் குறைகிறது. மீனம்பாக்கத்தை ஒட்டிய குரோம்பேட்டை போன்ற இடத்தில் வளாகம் இருந்தால், ட்ரோன் மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் திறந்தவெளி ஆய்வைத் திட்டமிடவே கூடாது.

வாங்குவதில்தான் உண்மையான இழுபறி. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. முழுமையாகப் பூட்டியதற்கும், பிரித்துப் பாகங்களாக அனுப்பும் தொகுப்புக்கும் அது பொருந்தும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி பெற்று இறக்குமதி செய்யலாம். தனித்தனி உதிரிப் பாகங்களுக்கு அந்த அனுமதி வேண்டியதில்லை. ஆகவே கிரேஸிஃப்ளையைத் தேர்ந்தெடுத்தால், நிதி வந்த பிறகு அனுமதிக்கு விண்ணப்பிப்பதைவிட, நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தக் காகித வேலையைத் தொடங்கவேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தின் முதலாண்டு இப்படிக் கோப்பிலேயே கழிந்துவிடலாம். அந்த ஆண்டைப் பாவனைக்கு ஒதுக்குவது நேரத்தைக் காப்பாற்றும்.

பொருள் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். பிரான்சின் பாரட் நிறுவனத்தின் ஏஆர்.ட்ரோன் 2010-இல் வந்தபோது ஆய்வகங்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. பின்னர் அதே நிறுவனத்தின் மாம்போ ட்ரோன், சிமுலிங்க் எனும் வடிவமைப்பு மென்பொருளைக் கற்பிக்கும் வகுப்புகளில் புகழ்பெற்றது. 2019-இல் பாரட் விளையாட்டு ட்ரோன்களைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட், தான் 2017-இல் தந்த ஏர்சிம் எனும் பாவனை மென்பொருளைத் தொடர்ந்து வளர்ப்பதை 2022-இல் நிறுத்திக்கொண்டது. மூல நிரல் வெளியில் இருந்ததால் விரும்பியவர்கள் அதிலிருந்தே மேலே கட்ட முடிந்தது. முனைவர் பட்டம் ஐந்தாண்டு. அதில் இரண்டாம் ஆண்டு சேகரித்த தரவை நான்காம் ஆண்டு அதே இயந்திரத்தில் மீண்டும் சரிபார்க்கும் தேவை வரும். மூடிய பொருளை நம்பினால், அதே பதிப்பில் இரண்டை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டிவைப்பதே ஒரே காப்பு.

ஓர் அறையும், இரண்டு ஆய்வு மாணவர்களும், அளவான நிதியும் கொண்ட துறைக்கு நான் பரிந்துரைப்பது கிரேஸிஃப்ளை நான்கும் லைட்ஹவுஸ் கோபுரங்கள் இரண்டும். அனுமதி வரும்வரை, உள்நாட்டிலேயே கையில் கிடைத்தால் டெல்லோ ஒன்றை வைத்து மறைவான இயக்குநருடன் முன்னோட்ட ஆய்வை நடத்திவிடலாம். ஆய்வு வினா காணொளியையும் சைகையையும் சுற்றியே இருந்து, நெருங்கிவரும் பாதையின் நுணுக்கம் அதற்குத் தேவையில்லை என்றால் முடிவு டெல்லோவின் பக்கம் திரும்பும். அந்நிலையில் கிரேஸிஃப்ளைக்குக் காத்திருப்பது வீண். வினா வயலையோ வெள்ளத்தையோ பற்றியதாக இருந்தால், விமானவியல் துறையிலிருந்து ஒரு கூட்டு ஆய்வாளர் கையெழுத்திட்ட பிறகே தானே கட்டும் வழியை எடுக்கவேண்டும். அவர் கிடைக்காதவரை அந்த வினாவைத் திரைமுன் அமர்ந்து இயக்குபவரைப் பற்றியதாகச் சுருக்கி, பாவனையிலேயே தொடங்குவது நல்லது.